எத்தனை பேர் வந்தார்கள்? இணையத்தின் முதல் கணக்கு நோட்டு

தொண்ணூறுகளின் பின்பாதியில் இன்டர்நெட் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பக்கத்தின் அடியில் ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி. கறுப்புப் பட்டையில் வெள்ளை எண்கள். "இங்கே வந்திருக்கும் 0004312-ஆவது விருந்தினர் நீங்கள்" என்று ஒரு வரி. அதைப் பார்த்ததும் நமக்கும் ஒரு சந்தோஷம், பக்கத்தை வைத்திருப்பவருக்கும் ஒரு பெருமை.

அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை திறந்தால் எண் 4313 ஆகிவிடும். இன்னொரு முறை திறந்தால் 4314. வந்தது என்னவோ ஒரே ஆள்தான். அப்படியென்றால் அந்த மீட்டர் எதைத்தான் எண்ணியது? கேள்வி விளையாட்டாகத் தோன்றும். ஆனால் இதற்குப் பதில் தேடிப் போனதில்தான் இன்றைய இணையத்தின் பாதி குணம் உருவானது என்பது என் எண்ணம்.

எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. தொலைபேசித் துறையில் நான் பார்த்த வேலையில் பெரும்பகுதி 'டிராஃபிக்' அளப்பதுதான். எந்த எக்சேஞ்சில் எந்த நேரத்தில் எத்தனை அழைப்புகள், எத்தனை பேருக்கு லைன் கிடைத்தது, எத்தனை பேர் எங்கேஜ்டு சத்தம் கேட்டுத் திரும்பினார்கள் என்று கணக்கெடுத்து, இன்னும் எத்தனை டிரங்க் லைன் போடவேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு வலை சர்வர்களின் பழைய வரலாற்றைப் படித்தபோது, பழகிய தெருவில் புது வீடுகளைப் பார்ப்பது போல இருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சர்வர், முதல் எண்ணிக்கை

உலகின் முதல் வலை சர்வர் சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் ஓடியது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இன் இறுதியில் 'நெக்ஸ்ட்' என்ற கம்ப்யூட்டரில் அதை இயக்கினார். அது அவருடைய மேஜைக் கம்ப்யூட்டர்தான். யாராவது தெரியாமல் அணைத்துவிடப் போகிறார்கள் என்று, "இது ஒரு சர்வர், இதை அணைக்காதீர்கள்" என்று சிவப்பு மையில் கையால் எழுதி ஒட்டி வைத்திருந்தார்.

அந்த சர்வருக்கு 1991 கோடையில் ஒரு நாளைக்குச் சுமார் 100 கோரிக்கைகள் வந்தன. மறு வருடம் சுமார் 1,000. அதற்கு அடுத்த வருடம் சுமார் 10,000. வருடத்துக்குப் பத்து மடங்கு. எங்கள் துறையில் ஓர் ஊரின் அழைப்புகள் ஒரே வருடத்தில் இரண்டு மடங்கானாலே தலைமையகத்திலிருந்து ஆள் வந்துவிடுவார்.

வலை எவ்வளவு வளர்கிறது என்று வெளியிலிருந்து எண்ணிப் பார்த்தவர் மாத்யூ கிரே. எம்.ஐ.டி. மாணவரான அவர் 1993-இல் 'வாண்டரர்' என்ற ஒரு புரோகிராமை எழுதி, சுட்டி சுட்டியாகத் தாவி வலை முழுவதையும் சுற்றிவரச் செய்தார். 1993 ஜூனில் அது கண்டது 130 தளங்கள். அந்த வருடம் டிசம்பரில் 623. 1994 டிசம்பரில் 10,022. இந்த மாதிரி ஊர் சுற்றும் புரோகிராம்கள் போகிற இடமெல்லாம் பக்கங்களைக் கேட்டுக் கேட்டு, சின்ன சர்வர்களைத் திணற வைத்தன. எண்ண வந்தவரே கூட்டத்தோடு கூட்டமாகி, எண்ணிக்கையிலும் சேர்ந்துவிட்டார்! இந்தத் தொல்லையைக் கட்டுப்படுத்தத்தான் 1994-இல் மார்ட்டின் கோஸ்டர், "ரோபோக்கள் இங்கெல்லாம் வரலாம், இங்கெல்லாம் வரக்கூடாது" என்று வாசலில் எழுதி வைக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஒரு வரியில் ஏழு விஷயம்

சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதி வைக்கும். அதற்கு 'லாக்' என்று பெயர். வாயில் காவலர் நோட்டு மாதிரி. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வரும், செர்ன் சர்வரும் இந்த வரியை ஒரே மாதிரி எழுத ஒரு பொது வடிவம் வந்தது. அந்த வரியில் ஏழு விவரங்கள் இருக்கும்.

கேட்ட கம்ப்யூட்டரின் முகவரி, கேட்டவரின் அடையாளம், கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்திருந்தால் அவர் பெயர், தேதியும் நேரமும், என்ன கேட்டார், என்ன பதில் போயிற்று, எத்தனை பைட் அனுப்பப்பட்டது. பதில் என்பது ஓர் எண். 200 என்றால் கொடுத்தாயிற்று, 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை, 304 என்றால் "உன்னிடம் இருப்பதே போதும், அதற்குப் பிறகு மாறவில்லை".

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது இடத்தில், அதாவது கேட்டவர் யார் என்று எழுதவேண்டிய இடத்தில், எப்போதும் ஒரு சின்னக் கோடுதான் இருக்கும். தெரியாது என்று அர்த்தம். எல்லாவற்றையும் எழுதிய நோட்டு, வந்தது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுத வழியும் இல்லை. அந்தச் சின்னக் கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தது எல்லாம் அந்தக் கோட்டை நிரப்பப் பார்த்த கதைதான்.

பிறகு இன்னும் இரண்டு விவரங்கள் சேர்ந்தன: எந்த பிரவுசர், எந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தார். இரண்டாவதற்கான ஆங்கிலச் சொல்லின் நடுவில் 'ஆர்' எழுத்து இரண்டு முறை வரவேண்டும். விதிமுறை எழுதும்போது ஒன்று விடுபட்டுப்போனது. யாரும் கவனிப்பதற்குள் புரோகிராம்கள் எல்லாம் அப்படியே எழுதப்பட்டுவிட்டதால், இன்றுவரை உலகம் முழுவதும் அந்த எழுத்துப் பிழையோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இலைக் கணக்கும் ஆள் கணக்கும்

நோட்டில் உள்ள ஒரு வரிக்கு 'ஹிட்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் "எங்கள் தளத்துக்கு மாதம் பத்து லட்சம் ஹிட்" என்று பெருமையடித்த கம்பெனிகள் ஏராளம். ஆனால் ஒரு பக்கத்தில் பத்துப் படங்கள் இருந்தால், பிரவுசர் பக்கத்தை ஒருமுறை கேட்கும், பிறகு ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகக் கேட்கும். ஒரே ஆள், ஒரே பக்கம், 11 ஹிட். பக்கத்தில் இன்னும் பத்துப் பொத்தான் படங்களைச் சேர்த்தால், ஒரு வாசகர்கூட அதிகம் வராமலே ஹிட் இரண்டு மடங்காகிவிடும். பந்தியில் விழுந்த இலைகளை எண்ணாமல், பரிமாறிய பதார்த்தங்களை எண்ணி, "கல்யாணத்துக்கு ஆயிரம் பேர்" என்று சொல்வது மாதிரி.

சரி, படங்களைத் தள்ளிவிட்டுப் பக்கங்களை மட்டும் எண்ணலாமே என்றால் அதிலும் சிக்கல். பிரவுசர் ஒருமுறை வாங்கிய பக்கத்தைத் தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் 'பின்னே' பொத்தானை அழுத்திப் பார்ப்பது சர்வருக்குத் தெரியவே தெரியாது. ஒரு பல்கலைக்கழகமோ இன்டர்நெட் கம்பெனியோ எல்லோருக்கும் பொதுவாக ஒரு சேமிப்பு சர்வரை நடுவில் வைத்திருந்தால், ஆயிரம் பேர் படித்த பக்கம் நோட்டில் ஒரே வரியாகப் பதிவாகும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையைத் தொடங்கிய நான்கு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆரம்பத்தில் பலரிடம் இருந்தது 'ஷெல்' கணக்கு. படம் வராது, எழுத்து மட்டும்தான். பக்கத்தைக் கேட்பது நம் வீட்டுக் கம்ப்யூட்டர் அல்ல, வி.எஸ்.என்.எல்லின் கம்ப்யூட்டர். நாம் டயல் செய்து அதற்குள் போய் உட்கார்ந்து பார்ப்போம். ஆகவே சென்னையிலிருந்து எத்தனை பேர் பார்த்தாலும் அமெரிக்க சர்வரின் நோட்டில் ஒரே முகவரி. படம் கேட்காததால் ஹிட்டும் குறைவு. அந்தப் புள்ளிவிவரங்களில் நாம் பாதி ஆள்கூட இல்லை.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் ஏ.ஓ.எல். மாதிரி பெரிய கம்பெனிகளின் வாடிக்கையாளர் ஒருவரின் கோரிக்கைகள் பல நடு சர்வர்கள் வழியாகப் பிரிந்து போகும். அங்கே ஒருவரே பல பேராகத் தெரிவார்.

இந்த நோட்டுகளைப் படித்துக் கூட்டிப் பட்டியல் போட்டுத் தரும் புரோகிராம்கள் வந்தன. ராய் ஃபீல்டிங் எழுதியது ஒன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புள்ளியியல் கூடத்தில் இருந்த ஸ்டீபன் டர்னர் 1995-இல் எழுதிய 'அனலாக்' இன்னொன்று. 1997-இல் வந்த 'வெபலைசர்' வண்ண வண்ணக் கம்பி வரைபடம் போட்டது. இவர்களில் டர்னரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். புள்ளியியல்காரர் அல்லவா? தன் புரோகிராமோடு சேர்த்தே, "உங்கள் நோட்டைக் கொண்டு எத்தனை கோரிக்கை வந்தது என்று சொல்லலாம்; எத்தனை மனிதர்கள் வந்தார்கள் என்று சொல்லவே முடியாது" என்று விளக்கமாக எழுதி வைத்தார். சரக்கு விற்க வந்தவர் சரக்கின் குறையைச் சொல்வது எந்தக் காலத்திலும் அபூர்வம்.

காசு வந்தது, கணக்கு மாறியது

1994 அக்டோபரில் 'ஹாட்வயர்ட்' என்ற அமெரிக்க இணைய இதழ், பக்கத்தின் தலைமாட்டில் பட்டை விளம்பரங்களை விற்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து எண்ணிக்கை பெருமைக்கு அல்ல, பில் போடுவதற்கு. பத்திரிகைக்கு எத்தனை பிரதி அச்சானது என்ற கணக்கு உண்டு. விளம்பரம் கொடுப்பவர் அதை நம்புவார். ஆனால் இங்கே சர்வர் நோட்டு விற்பவரிடமே இருக்கிறது, அந்த நோட்டுக்கும் ஆள் கணக்குத் தெரியாது. என்ன செய்வது?

அதே 1994-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த லூ மொண்டூலி 'குக்கி' என்ற ஏற்பாட்டைச் செய்தார். சர்வர் ஒரு சின்னச் சீட்டை பிரவுசரிடம் கொடுக்கும். அடுத்த முறை வரும்போது பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். கடையில் நீங்கள் எடுத்து வைத்த பொருள்கள் என்னென்ன என்று சர்வர் ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் இதை யோசித்தார்கள். ஆனால் முதலில் பயன்படுத்தியது எதற்குத் தெரியுமா? நெட்ஸ்கேப் தளத்துக்கு வருபவர் ஏற்கெனவே வந்தவரா, புதியவரா என்று பார்ப்பதற்கு. அந்தச் சின்னக் கோடு நிரம்ப ஆரம்பித்தது இங்கேதான்.

இன்னொரு பக்கம், சேமிப்பு சர்வர்களால் எண்ணிக்கை குறைகிறதே என்று கவலைப்பட்ட தளங்கள், "என் பக்கத்தை யாரும் சேமித்து வைக்காதீர்கள்" என்று வேண்டுமென்றே குறிப்பு அனுப்பின. ஒவ்வொரு முறையும் கடல் தாண்டிப் போய்க் கேட்டால்தானே எண்ண முடியும்! எண்ணுவதற்காகவே பாதையை நெரிசலாக்கினார்கள். இதைத் தவிர்க்க ஜெஃப்ரி மொகுல், பால் லீச் இருவரும் 1997-இல் ஒரு முறையை எழுதினார்கள். சேமிப்பு சர்வர்களே எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ணி, மொத்தத்தை மட்டும் மூல சர்வருக்குத் தெரிவிக்கலாம் என்பது யோசனை. நல்ல யோசனை. ஆள் யார் என்று யாருக்கும் தெரிய வேண்டாம், எண் மட்டும் போதும். ஆனால் அது பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. விளம்பரக்காரர்களுக்கு அதற்குள் எண்ணைவிட ஆள்தான் வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம். நீங்கள் படிக்கும் பக்கத்தில் அதை வைத்துவிட்டால், பிரவுசர் அந்தப் படத்தை வேறொரு கம்பெனியின் சர்வரிடம் கேட்கும். குக்கியும் கூடவே போகும். பத்துத் தளங்களில் அந்தப் புள்ளி இருந்தால் பத்திலும் நீங்கள் போனது அந்த மூன்றாவது ஆளுக்குத் தெரியும். 'டபுள்கிளிக்' என்ற விளம்பரக் கம்பெனி, வீட்டு முகவரிகளோடு வாங்கும் பழக்கங்களைச் சேர்த்து வைத்திருந்த 'அபாகஸ்' என்ற கம்பெனியை 1999-இல் வாங்கி, இரண்டு கணக்கையும் இணைக்கத் திட்டமிட்டது. பெரிய எதிர்ப்பு எழுந்ததால் 2000 மார்ச்சில் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. இலையை எடுக்கச் சொன்னால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எண்ணினானாம். இங்கே எண்ணியதோடு நிற்கவில்லை. யார், எந்த ஊர், இதற்கு முன் எந்தப் பந்தியில் சாப்பிட்டார் என்பதுவரை போய்விட்டது.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு டயல்

இனி சர்வர் பக்கம் போவோம். எண்ணிக்கை ஏறினால் சர்வர் தாங்குமா என்பது அடுத்த கேள்வி.

ஆரம்ப கால வலையில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனி இணைப்பு. அதாவது, போன் செய்து ஒரு வாக்கியம் பேசிவிட்டு ரிசீவரை வைத்துவிட வேண்டும். அடுத்த வாக்கியத்துக்கு மறுபடி டயல். ஒவ்வொரு முறையும் "ஹலோ", "ஹலோ, கேட்கிறதா?", "கேட்கிறது" என்ற மூன்று பரிமாற்றம் முடிந்த பிறகே பேச்சு. இணைப்பு முடிந்த பிறகும் கம்ப்யூட்டர் அதைக் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டிருக்கும். ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை அனுப்பினால் எவ்வளவு மிச்சமாகும் என்று, மேலே சொன்ன அதே மொகுல் 1995-இல் உண்மையான சர்வர் நோட்டுகளைக் கொண்டே கணக்குப் போட்டுக் காட்டினார். 1997 ஜனவரியில் வெளியான புதிய விதிமுறையில் அதுவே வழக்கமான முறை ஆனது. அளந்து பார்த்ததால் கிடைத்த நேரடி லாபம் இது.

என்.சி.எஸ்.ஏ. மையத்திலிருந்துதான் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் எழுதிய 'மொசைக்' பிரவுசர் 1993-இல் வெளிவந்தது. பிரவுசரை இலவசமாகக் கொடுத்த இடத்துக்கே உலகம் முழுவதும் திரண்டு வந்தது. ஒரே இயந்திரம் தாங்கவில்லை. 1994-இல் அவர்கள் பல இயந்திரங்களை வைத்து, ஒரே பெயரைக் கேட்பவர்களுக்கு முறை வைத்து ஒவ்வொரு இயந்திரத்தின் முகவரியைக் கொடுத்தார்கள். எங்கள் பாஷையில் இது 'ஹண்டிங் லைன்'. ஒரே நம்பர், பின்னால் பல லைன்கள். ஆனால் ஒரு வித்தியாசம். ஒருமுறை கேட்ட முகவரியை நடுவில் உள்ளவர்கள் சேமித்து வைத்துக்கொண்டதால், சில இயந்திரங்களுக்குக் கூட்டம் அதிகம், சிலதுக்குக் குறைவு. அளந்த பிறகுதான் இது தெரிந்தது.

ராப் மெக்கூல் என்.சி.எஸ்.ஏ.வை விட்டுப் போன பிறகு, அவருடைய சர்வரைப் பயன்படுத்தியவர்கள் ஒட்டுப் போட்டுச் சரிசெய்து கொண்டே வந்ததில் 1995-இல் 'அப்பாச்சி' சர்வர் பிறந்தது. பழைய சர்வரில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புது வேலையாளைப் பிறப்பித்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிடும் முறை இருந்தது. அப்பாச்சி சில வேலையாள்களை முன்கூட்டியே தயாராக உட்கார வைத்தது. அதே வருடம் நெட்கிராஃப்ட் என்ற இங்கிலாந்து நிறுவனம் யார் எந்த சர்வர் பயன்படுத்துகிறார்கள் என்று மாதாமாதம் எண்ண ஆரம்பித்தது. 1995 ஆகஸ்டில் அதன் முதல் கணக்கில் இருந்தவை 18,957 தளங்கள். 1996 ஏப்ரலுக்குள் அப்பாச்சி முதலிடம்.

சர்வர்களைச் செயற்கையாகக் கூட்டம் சேர்த்துச் சோதிக்கும் முறைகளும் வந்தன. 1995-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் 'வெப்ஸ்டோன்', அடுத்த வருடம் 'ஸ்பெக்வெப் 96'. வினாடிக்கு எத்தனை கோரிக்கைக்குப் பதில் சொல்கிறது என்று மதிப்பெண். கம்பெனிகள் அந்த எண்ணைப் போட்டு விளம்பரம் செய்தன.

எர்லாங் கணக்கு ஏன் பொய்த்தது?

இங்கே எங்கள் குலகுருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்னர் எர்லாங், டென்மார்க்காரர், கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். தொலைபேசி அழைப்புகள் எப்படி வருகின்றன என்பதற்கு 1909-இலேயே கணிதம் எழுதினார். உலகம் முழுவதும் தொலைபேசி டிராஃபிக்கை அளக்கும் அலகுக்கே அவர் பெயர்தான். அந்தக் கணிதத்தின் அடிப்படை எளிது. தனித்தனி ஆட்கள் தனித்தனியாக அழைக்கிறார்கள். நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஏற்ற இறக்கம் சமனாகிவிடும். ஒரு மணி நேரச் சராசரி தெரிந்தால் போதும், எத்தனை லைன் வேண்டும் என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எங்கள் தலைமுறை அதை நம்பித்தான் சம்பளம் வாங்கியது.

அமெரிக்காவில் 'பெல்கோர்' தொலைபேசி ஆராய்ச்சிக் கூடத்தில் லேலண்டும் அவருடைய கூட்டாளிகளும், 1989 முதல் 1992 வரை தங்கள் கம்ப்யூட்டர் வலையமைப்பில் போன பொட்டலங்களை மிக நுணுக்கமாக அளந்தார்கள். 1993-இல் அந்த முடிவு வெளியானபோது எங்கள் துறையில் இடி விழுந்தது போல. கம்ப்யூட்டர் டிராஃபிக் சேர்த்துப் பார்த்தாலும் சமனாகவில்லை. வினாடிக்கு வினாடி பார்த்தாலும் மேடு பள்ளம், நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தாலும் அதே மேடு பள்ளம், மணிக்கணக்கில் பார்த்தாலும் அப்படியே. பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் குரோவெல்லாவும் பெஸ்டவ்ரோஸும் வலையிலும் அதே குணம் இருப்பதைக் காட்டி, காரணத்தையும் விளக்கினார்கள். வலையில் உள்ள கோப்புகளில் பெரும்பாலானவை சின்னவை. ஆனால் சில மட்டும் பூதாகாரமானவை. தொலைபேசிப் பேச்சில் அப்படிப்பட்ட வித்தியாசம் இல்லை.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? சராசரியைப் பார்த்து சர்வர் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள் என்று பொருள்.

தேர்த் திருவிழாக் கூட்டம்

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. படங்களை உடனுக்குடன் வலையில் போட்டார்கள். ஜூலை 8 ஒரே நாளில் 4 கோடியே 70 லட்சம் ஹிட். முதல் ஒரு மாதத்தில் 56 கோடியே 60 லட்சம். தங்கள் ஒரு சர்வர் தாங்காது என்று முன்பே தெரிந்திருந்ததால், பல இடங்களில் பிரதிகளை வைத்துக் கூட்டத்தைப் பிரித்து அனுப்பினார்கள்.

1998 பிப்ரவரியில் ஜப்பானின் நகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக். அதன் தளத்தை ஐ.பி.எம். நடத்தியது. 16 நாளில் 63 கோடியே 47 லட்சம் கோரிக்கைகள். பெண்கள் ஸ்கேட்டிங் போட்டி நடந்த சமயத்தில் ஒரே நிமிடத்தில் 1,10,414. இரண்டுமே தணிக்கை செய்யப்பட்டு கின்னஸில் ஏறின. வகுத்துப் பார்த்தால் 16 நாள் சராசரி நிமிடத்துக்குச் சுமார் 27,500. உச்சம் அதைப்போல் நான்கு மடங்கு. சராசரிக்கு ஏற்பாடு செய்திருந்தால் அந்த ஒரு நிமிடத்தில் நாலில் மூன்று பேர் வெளியே நின்றிருப்பார்கள்.

அதே வருடம் பிரான்சில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துத் தளத்துக்கு சுமார் மூன்று மாதத்தில் 135 கோடிக் கோரிக்கைகள். அந்த நோட்டை எச்.பி. கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, பிறகு மற்ற ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்தப் பொதுவில் வைத்தார்கள். வைக்கும்போது ஒரு காரியம் செய்தார்கள். பார்த்தவர்களின் முகவரிகளை எடுத்துவிட்டு வெறும் எண்களைப் போட்டார்கள். கணக்கும் கெடவில்லை, ஆளும் வெளிப்படவில்லை. எனக்கு இது ஒரு மரியாதையான காரியமாகப் படுகிறது.

எல்லோரும் தப்பிக்கவில்லை. 1999 அக்டோபரில் என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா தன் முழுக் களஞ்சியத்தையும் வலையில் இலவசமாகத் திறந்தது. கூட்டம் தாங்காமல் முதல் நாளே தளம் படுத்துவிட்டது. 2001 செப்டம்பர் 11 காலையில் சி.என்.என். தளத்துக்கு வந்த கூட்டம் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்கானது. அவர்கள் படங்களையும் அலங்காரங்களையும் எடுத்துவிட்டு, முகப்பை ஒரு சில வரிச் செய்தியாகச் சுருக்கினார்கள். எல்லோருக்கும் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்று பாயசத்தை நிறுத்திவிட்டு சாதமும் ரசமும் மட்டும் பரிமாறியது மாதிரி. அந்த நேரத்தில் அதுதான் சரி.

காத்திருப்பவர் பக்கம்

சர்வர் நோட்டுக்குத் தெரியாத இன்னொன்று உண்டு: காத்திருப்பு. சர்வர், தான் எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்றுதான் எழுதும். பொறுமை இழந்து போனவரைப் பற்றி அதற்குத் தெரியாது. வாசலுக்கே வரமுடியாதவர் நோட்டில் ஏற வழியே இல்லை. எக்சேஞ்சில் எங்களுக்கு 'ஓவர்ஃப்ளோ மீட்டர்' என்று ஒன்று இருந்தது. லைன் கிடைக்காமல் திரும்பியவர்களை எண்ணுவது அது. நான் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வரிசைக் கணக்கின் பழைய பாடம் ஒன்று சொல்கிறேன். தபால் நிலையக் கவுன்டரில் ஒருவரைக் கவனிக்கச் சராசரியாக ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கவுன்டர் பாதி நேரம் சும்மா இருந்தால், நீங்கள் வரிசையில் நின்று வேலை முடித்துத் திரும்பச் சராசரியாக 2 நிமிடம். கவுன்டர் 90 சதவீத நேரம் பிசி என்றால் 10 நிமிடம். 95 சதவீதம் என்றால் 20 நிமிடம். கடைசி ஐந்து சதவீதத்தில் காத்திருப்பு இரண்டு மடங்கு. சர்வரும் ஒரு கவுன்டர்தான். "நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது, இன்றைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சராசரி இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். நூறு பேரில் 95 பேருக்கு அரை வினாடியில் பக்கம் வருகிறது. 5 பேருக்கு 30 வினாடி. சராசரி ஏறக்குறைய 2 வினாடி. அறிக்கையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த 2 வினாடியை அனுபவித்தவர் நூறு பேரில் ஒருவர்கூட இல்லை. பத்து வினாடிக்கு மேல் ஆனால் மனிதனின் கவனம் கலைந்து வேறு வேலைக்குப் போய்விடும் என்று ஜேக்கப் நீல்சன் 1993-இலேயே எழுதியிருந்தார். 1995-இல் தொடங்கிய 'கீநோட்' கம்பெனி, பல ஊர்களில் கம்ப்யூட்டர்களை வைத்து, வாடிக்கையாளர் மாதிரியே தளங்களைத் திறந்து பார்த்து நேரம் குறித்தது. வாசலுக்கு வெளியே நின்று அளப்பதன் அருமை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

நோட்டு யார் கையில்?

2005-இல் கூகுள், 'அர்ச்சின்' என்ற கணக்கெடுப்புக் கம்பெனியை வாங்கியது. அந்த வருடம் நவம்பரிலேயே அதை இலவச சேவையாகக் கொடுத்தது. உங்கள் பக்கத்தில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். அழகான வரைபடங்களோடு எல்லாம் தெரியும். வெபலைசரும் அனலாக்கும் மெதுவாக மறைந்தன. வசதி பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவரை நோட்டு உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வருபவர்களின் கணக்கை வேறொருவர் எழுதுகிறார், உங்களுக்கு ஒரு பிரதி தருகிறார்.

எக்சேஞ்சில் நாங்கள் அளந்ததும் டிராஃபிக்தான். எந்தத் தடத்தில் எத்தனை அழைப்பு, எத்தனை நிமிடம், எத்தனை பேர் லைன் கிடைக்காமல் திரும்பினார்கள். பில்லுக்கான மீட்டர் தனி. டிராஃபிக் கணக்கில் பெயர் கிடையாது, தேவையும் இல்லை. இன்னும் எத்தனை லைன் போட வேண்டும் என்பதைச் சொல்ல எண் மட்டும் போதும். பாத்ஃபைண்டருக்கும் நகானோவுக்கும் கூட்டத்தைச் சமாளித்தவர்களுக்கும் எண் மட்டும்தான் தேவைப்பட்டது. பெயர் தேவைப்பட்டது விற்பவர்களுக்கு. இரண்டுக்கும் 'டிராஃபிக் அளப்பது' என்று ஒரே பெயர் இருந்ததால், ஒன்றைச் சொல்லி மற்றதை உள்ளே கொண்டுவருவது சுலபமாகப் போய்விட்டது. இனிமேல் எந்தத் தளமாவது "உங்கள் அனுபவத்தை மேம்படுத்தக் கணக்கெடுக்கிறோம், சம்மதமா?" என்று கேட்டால், எண்ணவா, அடையாளம் காணவா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் 'வேண்டாம்' என்ற பொத்தானும் பக்கத்திலேயே, கொஞ்சம் மங்கலான எழுத்தில் இருக்கும்.

வாசகர்களில் யாராவது அந்தக் காலத்தில் சர்வர் அறையில் வேலை பார்த்திருந்தால், உங்கள் நோட்டில் கண்ட வேடிக்கைகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை ஸ்ட்ரோஜர் எக்சேஞ்சின் மீட்டர்களை மாதாமாதம் போட்டோ எடுத்து பில் போட்ட கதையை எழுதுகிறேன்.